சங்கரன்கோவில் காட்சி

புதிய ஊர்களைக் கண்டு வர வேண்டும் என்னும் ஆவல் மக்கட்கு இயல்பாக உள்ளது. ஆயினும், ஓர் ஊருக்குச் செல்வது வேறு. அவ்வூரைக் காண்பது வேறு. சென்றவர் எல்லாரும் கண்டவர் ஆகார். கண்ணுக்குப் புலனாகும் பொருளைப் பார்த்ததோடு அமையாது, 'இஃது ஏன் இங்கே எழுந்தது? இதனை எழுப்பியவர் எதனை எண்ணினர்?' என்று வினவி அறிபவரே ஊரைக் கண்டவர் ஆவர்.

கனடா நாட்டிலே, ஒண்டாரியோ ஏரிக்கரையில், டொராண்டோ என்னும் மாநகர் உள்ளது. அந்நாட்டு நகரங்களுள் அதுவே பெரியது. தமிழ் மக்கள் பல்லாயிரவர் இன்று அங்கே குடியேறி வாழ்கின்றனர். அந்நகருக்குச் செல்வோர் முதலில் காண விரும்புவது, 1976-ஆம் ஆண்டில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பெற்ற சி. என். கோபுரம். அதன் உயரம் 553 மீட்டர். மின்தூக்கியில் விரைந்து ஏறி, மேடையில் நின்று, ஏரியையும் நகரையும் ஒருங்கே பார்த்து வியந்து இறங்குவோர் பலர். அக்கோபுரம் ஏன் எழுந்தது என்று கேட்போர் சிலரே. நகரில் அடுக்கு மாளிகைகள் ஓங்கி வளர்ந்து, வானொலி, தொலைக்காட்சி அலைகளைத் தடுத்தன. அத்தடையைக் கடந்து அலைகளைப் பரப்புதற்பொருட்டு, கனடாவின் தேசிய இருப்புப்பாதை நிறுவனம் அதனை எழுப்பிற்று. இவ்வுண்மையை அறிந்தவர்க்கே கோபுரம் வாய் திறந்து பேசும். அறியாதவர்க்கு அஃது ஓங்கி நிற்கும் வெறுந்தூணே ஆகும்.

இவ்வாறு வினவிக் காணும் கலையைப் பழகுவதற்குக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டின் தென்கோடியிலே, ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடத்தக்க சிற்றூர் போலத் தோன்றி, பல நாள் ஆராய்தற்கு உரிய செய்திகளைத் தன்னகத்தே கொண்டு விளங்கும் ஊர் ஒன்று உண்டு. அதுவே சங்கரன்கோவில்.

திருநெல்வேலிக்கு வடமேற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் சங்கரன்கோவில் அமைந்துள்ளது. நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தில் ஒரு நகராட்சியாகவும் வட்டத் தலைநகராகவும் விளங்குகிறது. விருதுநகரிலிருந்து இராசபாளையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1927-ஆம் ஆண்டில் அமைந்தது. அப்பாதையில் இவ்வூருக்கு ஒரு நிலையம் உண்டு. வண்டியில் வருவோர் மேற்றிசையை நோக்கினால், மேற்குத் தொடர்ச்சி மலை நீல நிறத் திரை போல நீண்டு கிடப்பதைக் காணலாம். கிழக்கே நோக்கினால், பருத்தி விளையும் கரிசல் நிலம் கண்ணுக்கு எட்டியமட்டும் பரந்து கிடக்கும். மலையின் வளமும் கரிசலின் வறட்சியும் சந்திக்கும் இடத்தில் இவ்வூர் இருக்கின்றது. இந்நிலவியல்பை நினைவில் வைத்துக்கொண்டால், இவ்வூர் மக்களின் வாழ்வும் வழிபாடும் எளிதில் விளங்கும்.

ஊரை நெருங்கும்போது முதலில் கண்ணைக் கவர்வது கோவிலின் கோபுரம். கிழக்கு நோக்கிய அது, ஒன்பது நிலைகளோடு 125 அடி உயரமுடையது. கோபுரத்தின் அடிப்பகுதி கருங்கல்லால் ஆனது. மேலே உள்ள நிலைகள் செங்கல்லாலும் சுதையாலும் ஆனவை. மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு நிலையும் அளவிற் குறுகிச் செல்லும். கனத்தைக் கீழே நிறுத்தி, மேலே குறைத்துக்கொண்டு போவதனாலன்றோ இத்தகைய கோபுரங்கள் மழைக்கும் காற்றுக்கும் அசையாமல் பல நூறாண்டு நிற்கின்றன! சமவெளியில் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் வந்த பழங்கால வழிப்போக்கர்க்கு, 'இதோ ஊர். இங்கே நிழலும் நீரும் உண்டு' என்று நெடுந்தொலைவிலிருந்தே கைகாட்டி அழைத்தது இக்கோபுரமே.

கோவிலைச் சுற்றியுள்ள தேர் வீதிகள் அகன்றவை. தேர் அசைந்து வருவதற்கும், அதனை இழுக்கும் மக்கள் திரள் நெருக்கமின்றி நடப்பதற்கும் ஏற்ப அவை அமைந்தன. இங்ஙனம் கோவிலை நடுவாக வைத்து, வீதிகளை அதனைச் சுற்றி அமைத்து, ஊரை வகுப்பது தமிழர் நகரமைப்பின் மரபாகும்.

கோபுர வாயிலைக் கடந்து உட்புகுவோர், ஒரே மதிலுக்குள் மூன்று சந்நிதிகள் இருப்பதைக் காண்பர். ஒன்று சங்கரலிங்கப் பெருமானுடையது, மற்றொன்று கோமதியம்மையுடையது. இவ்விரண்டிற்கும் நடுவே உள்ளது சங்கரநாராயணர் சந்நிதி. இந்நடுச் சந்நிதியே இவ்வூருக்குத் தனிச்சிறப்பை நல்குவது. அங்கே உள்ள திருவுருவத்தின் வலப்பாதி சிவபெருமான், இடப்பாதி திருமால். ஒரு புறம் சடையும் பிறையும் மழுவும் விளங்கும். மறுபுறம் மணிமுடியும் சங்கும் விளங்கும். ஒரு புறம் புலித்தோல், மறுபுறம் பீதாம்பரம். சைவர்க்கு உரிய திருநீறும், வைணவர்க்கு உரிய துளசித் தீர்த்தமும் இங்கே ஒரே சந்நிதியில் வழங்கப்பெறுகின்றன.

இவ்வுருவம் ஏன் தோன்றிற்று? தலபுராணம் அதற்கு ஒரு கதை கூறுகின்றது. சங்கன், பதுமன் என நாக வேந்தர் இருவர் இருந்தனர். சங்கன் சிவனிடத்து அன்புடையவன். பதுமன் திருமாலிடத்து அன்புடையவன். 'என் தெய்வமே பெரிது' என்று இருவரும் வாதிட்டனர். வாதம் முற்றிப் பகையாயிற்று. வழக்கைத் தீர்த்து வைக்குமாறு அவர்கள் உமையம்மையை வேண்டினர். அம்மை அவ்விருவருள் ஒருவனை வென்றவன் என்றோ, மற்றவனைத் தோற்றவன் என்றோ கூறவில்லை. இருவரும் ஒன்றாக நிற்கும் கோலத்தை உலகிற்குக் காட்டியருள வேண்டும் என்று, புன்னை மரங்கள் அடர்ந்த இவ்விடத்திற்கு வந்து தவம் புரிந்தாள். தேவமாதர் பசுக்களின் வடிவில் அம்மையோடு வந்தமையால், அவளுக்குக் கோமதி என்றும், ஆவுடையம்மை என்றும் பெயர் வழங்கலாயிற்று என்பர். ஆடித் திங்களில் ஒரு நாள், அம்மையின் தவத்திற்கு இரங்கி, இறைவன் பாதி அரனும் பாதி அரியுமாகக் காட்சி தந்தான். நாக வேந்தரின் பகை அன்றே ஒழிந்தது.

கதையின் உட்பொருள் தெளிவானது. இருவர் வழக்கிட்டால், ஒருவரைத் தாழ்த்தி மற்றவரை உயர்த்துவதே தீர்ப்பு எனப் பலர் எண்ணுவர். அவ்வாறு தீர்த்த வழக்கு உள்ளத்தில் புகைந்துகொண்டே இருக்கும். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்பதை இருவரும் தத்தம் கண்ணாலேயே காணுமாறு செய்வதே நிலைத்த தீர்ப்பு. அத்தீர்ப்பினைக் கல்லில் வடித்து வைத்த ஊர் சங்கரன்கோவில்.

இக்கருத்து இவ்வூரில் மட்டும் எழுந்ததன்று. பேயாழ்வார் திருமலையிற் கோவில் கொண்ட பெருமானிடத்தே சிவனுக்குரிய கோலத்தையும் திருமாலுக்குரிய கோலத்தையும் ஒருங்கே கண்டு பாடினார். கன்னட நாட்டில், வாதாபி என வழங்கிய பாதாமியின் முதற் குகைக் கோவிலில் இவ்வுருவம் 6-ஆம் நூற்றாண்டிலேயே செதுக்கப்பெற்றது. அந்நாட்டில் துங்கபத்திரை ஆற்றங்கரையில் உள்ள அரிகரம் என்னும் ஊர், ஒய்சளர் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த அரிகரர் கோவிலால் பெயர் பெற்றது. கடல் கடந்த கம்போடியாவில், 9-ஆம் நூற்றாண்டில் கெமர் வேந்தர் தம் தலைநகருக்கு அரிகராலயம் என்றே பெயரிட்டிருந்தனர். வேறுபட்ட கொள்கையுடைய மக்கள் ஒரே ஊரில் கூடி வாழ வேண்டிய நிலை எங்கெங்கு உண்டாயிற்றோ, அங்கெல்லாம் இவ்வுருவத்தின் தேவையும் உணரப்பட்டது போலும்!

கோவில் தோன்றிய வரலாற்றிலும் ஓர் அரிய செய்தி உண்டு. முற்காலத்தில் இவ்விடம் புன்னைவனமாக இருந்தது. அவ்வனத்தைக் காத்து நின்ற காவலன் ஒருவன், அங்கிருந்த புற்று ஒன்றை வெட்டியபோது, அதிலிருந்த பாம்பின் வால் அறுபட்டதையும், அருகே ஓர் இலிங்கம் இருந்ததையும் கண்டான். அவன் ஓடிச் சென்று, அவ்வழியே வந்திருந்த உக்கிர பாண்டியன் என்னும் மன்னனிடம் அறிவித்தான். மன்னன் காட்டைத் திருத்திக் கோவில் எடுத்து, ஊரையும் உண்டாக்கினான் என்பது புராண மரபு. முதலில் கண்டவன் காவலன். பின்னர்க் கட்டியவன் மன்னன். உழைப்பவன் கண்ணுக்கே நிலத்தின் மறைபொருள் முதலில் புலப்படும் என்பதனை இக்கதை உணர்த்துகின்றது.

புற்றின் நினைவு இன்றும் இக்கோவிலில் மறையவில்லை. புற்றுமண்ணே இங்கே அருட்பொருளாக வழங்கப்பெறுகின்றது. அன்பர்கள் அதனை நெற்றியில் இட்டுக்கொள்கின்றனர். சங்கனும் பதுமனும் அகழ்ந்தது எனக் கூறப்படும் நாகசுனை என்னும் தீர்த்தம் கோவிலுக்குள்ளேயே உள்ளது. வீட்டிலோ வயலிலோ பாம்பையும் தேளையும் கண்டு அஞ்சியவர்கள், வெள்ளித் தகட்டில் செய்த பாம்பு, தேள் உருவங்களை வாங்கிக் காணிக்கையாகச் செலுத்துவர். வரப்பிலும் கரிசற் காட்டிலும் வெறுங்காலோடு இரவும் பகலும் உழைத்த உழவர்க்கு, நச்சுயிர்களைப் பற்றிய அச்சம் நாள்தோறும் உடனிருந்தது. அவ்வச்சத்தில் ஆறுதல் தேடிய நெஞ்சங்களே இவ்வழிபாட்டை வளர்த்தன. இக்காலத்தில் பாம்புக் கடிக்கு நச்சு முறிவு மருந்து மருத்துவமனைகளில் உள்ளது. ஆகவே, கடியுண்டவரை நொடியும் தாழாது அங்கே கொண்டு செல்லுதல் கடமை. வழிபாடு மனத்திற்குத் துணிவைத் தரும். மருந்து உயிரைக் காக்கும். இரண்டின் இடத்தையும் அறிந்து நடப்பதே அறிவுடைமை.

கோவில் கிழக்கு நோக்கி அமைந்திருப்பதனால் நிகழும் ஒரு காட்சியும் குறிப்பிடத்தக்கது. மார்ச்சு, செப்டம்பர் ஆகிய மாதங்களில், 21-ஆம் நாளை ஒட்டிய சில நாள்களில், காலைக் கதிரவனின் ஒளி வாயில்களைக் கடந்து சென்று சங்கரலிங்கத்தின்மேல் படுகின்றது. ஆண்டில் இவ்விரு காலங்களில் மட்டுமே கதிரவன் சரியாகக் கிழக்கே உதிப்பான். பகலும் இரவும் ஏறத்தாழ ஒத்த அளவினவாக இருக்கும். மற்றை நாள்களில் அவன் வடக்கேயோ தெற்கேயோ சற்று ஒதுங்கியே எழுவான். இவ்வுண்மையை நன்கு அறிந்தே சிற்பியர் வாயில்களை ஒரே நேர்கோட்டில் அமைத்தனர். வானநூல் அறிவும் கட்டடக்கலையும் கைகோத்து நிற்கும் இடம் இது.

சங்கரன்கோவிலைக் காண விரும்புவோர் ஆடித் திங்களில் செல்லுதல் சாலச் சிறந்தது. அப்போது நடைபெறும் ஆடித்தபசு விழா பன்னிரண்டு நாள் நிகழும். கொடியேறிய நாள் முதல், அன்பர்கள் கோவிலைப் பல முறை வலம் வருவர். நூற்றெட்டு முறை சுற்றுவோரும் உளர். இதனை 'ஆடிச்சுற்று' என்பர். அம்மை ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள் ஆதலின், அவ்வருத்தத்தில் ஒரு பங்கைத் தாமும் ஏற்பதாக எண்ணி, மக்கள் கால் நோவையும் பொருட்படுத்தாமல் சுற்றுகின்றனர்.

விழாவின் சிறந்த நாள் தபசுக் காட்சி நாள். அன்று கோமதியம்மை தவக்கோலத்தோடு தபசு மண்டபத்திற்கு எழுந்தருளுவாள். மாலையில் இறைவன் சங்கரநாராயணராக வந்து அம்மைக்குக் காட்சி கொடுப்பான். இரவில் மீண்டும் சங்கரலிங்கமாகக் காட்சி தருவான். மாலைக் காட்சியின்போது, கூடியிருக்கும் உழவர் பெருமக்கள் தம் நிலத்தில் விளைந்த நெல், பருத்தி, மிளகாய் வற்றல், காய்கறி முதலியவற்றை வாரி வீசுவர். விளைவின் ஒரு பகுதியை இறைவனுக்கு அளித்தால் அடுத்த வேளாண்மை செழிக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. நெல் மலைப்பக்கத்து வயல்களிலிருந்து வருவது. பருத்தியும் வற்றலும் கரிசற் காட்டிலிருந்து வருவன. இருவேறு நிலத்து விளைவும் ஒரே வீதியில், ஒரே வேளையில் மழை போலப் பொழிகின்றன. இருவேறு கொள்கைகளை இணைத்த தெய்வத்தின் திருமுன், இருவேறு நிலங்களும் இணைகின்றன!

கோவிலுக்குள் வரலாற்று மாணவர் தவறாது காண வேண்டிய இடம் ஒன்று உளது. அது பூலித்தேவர் நினைவாக விளங்கும் அறை. சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவல் என்னும் பாளையத்தை 18-ஆம் நூற்றாண்டில் ஆண்டவர் பூலித்தேவர். ஆர்க்காட்டு நவாபின் சார்பில் வரி தண்டுவதற்காக, 1755-ஆம் ஆண்டில் கர்னல் ஹெரான் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் பீரங்கிகளோடு வந்து கோட்டையை வளைத்தார். பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்தார். கோட்டையை வீழ்த்த இயலாமல் ஹெரான் திரும்ப நேர்ந்தது. 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்கு 102 ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்த எதிர்ப்பு இது. நெல்லை வரியாகக் கட்ட மறுத்தமையால் அவ்வூரை 'நெற்கட்டான்செவல்' என்று வழங்குவாரும் உளர். பின்னர்க் கான்சாகிபு எனப்பட்ட யூசுப்கான் பெரும் படையோடு பல முறை பொருது, 1761-ஆம் ஆண்டில் பூலித்தேவரின் கோட்டைகளைக் கைப்பற்றினார். சிறைப்பட்ட பூலித்தேவர், தம்மைக் கொண்டு செல்லும் வழியில் கோமதியம்மையை வணங்க விடை பெற்று, கோவிலுக்குள் சென்று, விலங்கு தெறிக்க ஒளியோடு மறைந்தார் என்பது மக்கள் வாய்மொழி. அவர் முடிவு எவ்வாறாயினும், அடிமையாக அவர் மாண்டதாக நினைக்க இவ்வட்டாரத்து மக்கள் உள்ளம் ஒருப்படவில்லை என்பது மட்டும் உறுதி. வரலாறு எழுதாத பக்கத்தை மக்கள் அன்பு இங்ஙனம் எழுதி வைத்துள்ளது.

கோவிலைக் கண்டபின் ஊரின் தொழிலையும் காணுதல் வேண்டும். அதிகாலையில் பூச்சந்தைக்குச் சென்றால், சுற்று வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து மல்லிகையும் பிச்சியும் மூட்டை மூட்டையாக வந்து குவிவதைக் காணலாம். விடியுமுன் பறித்த பூ வெயில் ஏறுமுன் விலையாக வேண்டும். ஆதலின், சந்தையில் ஒவ்வொரு நிமிடமும் பொன்னாக மதிக்கப்படுகின்றது. தெருக்களில் நடந்தால் தறிகளின் ஓசை காதில் விழும். சேலை நெய்தல் இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறிடும் தொழில். முன்னாளில் கைத்தறி ஒலித்த இல்லங்கள் பலவற்றில் இன்று விசைத்தறி ஒலிக்கின்றது. கரிசலில் விளைந்த பருத்தி நூலாகி, நூல் சேலையாகி விற்பனைக்குச் செல்லும் நெடும்பயணத்தில், இத்தெருக்களும் ஒரு நிலையமாகும்.

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களும் காணத்தக்கவை. கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கழுகுமலை உள்ளது. அங்கே பாறையில், 8-ஆம் நூற்றாண்டை ஒட்டிப் பாண்டியர் காலத்தில் குடையப்பெற்ற வெட்டுவான்கோவிலைக் காணலாம். சுவரை எழுப்பி அதன்மேல் விமானம் அமைப்பதே உலக வழக்கு. இங்கோ, மலையில் ஒரு பாறையைச் சுற்றிலும் அகழ்ந்து தனித்து நிற்கச் செய்து, உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கி வந்தனர். எல்லோராவின் கைலாயநாதர் கோவிலும் இம்முறையில் அமைந்ததே. மேலே விமானம் எழில் குலுங்க முற்றுப் பெற்றிருக்க, கீழ்ப்பகுதி முற்றுப் பெறாமல் நிற்கின்றது. அதே மலையின் மற்றொரு பக்கத்தில் சமண தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. அவற்றின் கீழே, செய்வித்தவர் பெயர்கள் வட்டெழுத்தில் காணப்படுகின்றன. மலையடிவாரத்தில் முருகன் குடைவரைக் கோவில் கொண்டிருக்கின்றான். ஒரே மலையில் சைவமும் சமணமும் அருகருகே நிற்கும் காட்சி, சங்கரநாராயணர் கோலத்தை மீண்டும் நினைவூட்டும்.

கழுகுமலை முருகன்மேல் காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சென்னிகுளமும் இவ்வட்டாரத்து ஊரே. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அவர், ஊற்றுமலைக் குறுநிலத் தலைவரின் ஆதரவைப் பெற்றவர். காவடி எடுத்து நெடுவழி நடப்பவர்களின் கால் அசைவுக்கு இயைந்த சந்தங்களை அமைத்து, சிந்து என்னும் இசைப்பாடல் வகைக்கு அவர் பெருவாழ்வு தந்தார். சங்கரன்கோவில்மீது திரிபந்தாதி ஒன்றும் அவர் இயற்றியுள்ளார்.

சங்கரன்கோவிலுக்கு வடக்கே, இராசபாளையம் செல்லும் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் உள்ளது. இவ்வட்டாரத்து ஐந்து தலங்களை ஐம்பூதங்களுக்கு உரியனவாகக் கூறுவது வழக்கம். சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் வானம். இவற்றுள் நெருப்புக்குரிய கரிவலம்வந்தநல்லூரில், தமிழன்பர் நெஞ்சைச் சுடும் நிகழ்ச்சி ஒன்றும் நேர்ந்தது.

பாண்டியர் மரபின் பிற்காலத்தில் வரதுங்கராமன் என்னும் புலமை மிக்க வேந்தன் அவ்வூரில் வாழ்ந்தான். பிரமோத்தர காண்டம் பாடியவன் அவனே. அவன் தொகுத்து வைத்திருந்த ஏட்டுச்சுவடிகள் அவ்வூர்க் கோவிலில் இருப்பதாகக் கேள்வியுற்றார் டாக்டர் உ. வே. சாமிநாதையர். பழந்தமிழ் நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்த அப்பெரியார், மிகுந்த ஆவலோடு அங்கே சென்றார். சுவடிகள் எங்கே என்று வினவினார். அவை பயன்படுத்த முடியாதபடி சிதைந்து கிடந்தமையால், நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக விடை கிடைத்தது! அதனைக் கேட்டு அவர் உற்ற துயரத்தைத் தம் வரலாற்று நூலாகிய 'என் சரித்திர'த்தில் எழுதியுள்ளார். எத்தனை நூல்கள் அத்தீயில் மறைந்தனவோ, அவற்றின் பெயர்தாமும் இனி எவர்க்கும் தெரியப் போவதில்லை.

சுவடிகளை எரித்தவர் தமிழின் பகைவர் அல்லர். கோவிலுக்குக் கேடு எண்ணியவரும் அல்லர். பழையதைக் கண்ட கண்டவிடத்தில் எறியாமல், தூய தீயில் இடுவதே அதற்குரிய சிறப்பு என அவர்கள் எண்ணினர். அவர்கள் கேட்கத் தவறியது ஒரே வினா. 'இவ்வேட்டில் எழுதியிருப்பது யாது?' என்பதே அது. அவ்வொரு வினாவைக் கேட்டிருந்தால், ஒரு வேந்தன் வாழ்நாள் முழுதும் ஈட்டிய அறிவுச் செல்வம் தமிழ்நாட்டிற்குக் கிடைத்திருக்கக் கூடும்.

அழிவு பெரும்பாலும் பகையால் மட்டும் வருவதன்று, வினவாமையாலும் வரும். கோவிலைக் காணச் செல்வோர் கல்லெழுத்தின்மேல் தம் பெயரைக் கீறுவதும், தூண்களில் எண்ணெயையும் சுண்ணாம்பையும் தடவுவதும், சுனையில் குப்பையை எறிவதும் அக்கல்லும் நீரும் எதனைச் சொல்ல வந்தன என்று அறியாமையினாலேயே. அறிந்தவன் கை கீறாது. அறிந்தவன் கை காக்கும். ஓர் இடத்தைக் காக்கக் காவலரை நிறுத்தலாம், சட்டமும் செய்யலாம். ஆயினும் அதன் பொருளை உணர்ந்த மக்களைக் காட்டிலும் வலிய மதில் வேறொன்று இல்லை.

ஆகவே, டொராண்டோ போன்ற தொலைநாட்டு மாநகரத்தைக் காணும் வாய்ப்புப் பெறுவோரும், அண்மையிலுள்ள சங்கரன்கோவிலுக்குச் செல்வோரும் கையில் கொண்டு போக வேண்டிய பொருள் ஒன்றே. 'ஏன்?' என்னும் வினாவே அது. அவ்வினாவோடு செல்பவர்க்குக் கோபுரம் கட்டடக்கலையைச் சொல்லும். கதிரொளி வானநூலைச் சொல்லும். புற்றுமண் உழவனின் அச்சத்தையும் நம்பிக்கையையும் சொல்லும். வீதியில் சிதறிய நெல்லும் பருத்தியும் நிலத்தின் இயல்பைச் சொல்லும். பூலித்தேவர் அறை விடுதலை வேட்கையைச் சொல்லும். நடுச் சந்நிதியில் நிற்கும் திருவுருவமோ, மாறுபட்ட இருவர் ஒன்றுபட்டு வாழ முடியும் என்னும் உண்மையைச் சொல்லாமற் சொல்லிக்கொண்டே இருக்கும்.